சேகர் முழுகினா நான் எண்ணுவேன்

ஏரியைச் சுத்திக் காட்டுற தொழில்ல முதல் பாடம் இதுதான்: ரசிக்கிறது வர்றவங்க வேலை, தலையை எண்ணுறது நம்ம வேலை. மலேசியாவுல கேமரன் மலையில, ரிங்லெட் அணைக்கட்டு ஏரிக்கரையில, எழுபதுகள்ல ஆரம்பிச்சு பதினோரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். கீழே ஈப்போ, பினாங்கு, கிள்ளான்னு எங்கிருந்தோ பஸ் பிடிச்சு வருவாங்க. சம்பான்னு சொல்ற சின்னப் படகுல ஏத்தி ஏரியைச் சுத்தணும், ஆசைப்படுறவங்களைத் தண்ணியில இறக்கணும், காட்டுப் பாதையில மலை ஏத்தி இறக்கணும், சாயங்காலம் பத்திரமா பஸ்ஸுல ஏத்தி விடணும். அவங்க "என்னா அழகு, என்னா அழகு"ன்னு போட்டோ பிடிப்பாங்க. நான் வந்தப்ப பன்னெண்டு பேர், இப்பவும் பன்னெண்டு பேர்தானான்னு பார்ப்பேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் வேலை செய்யுற இடத்துல ஒரு சேகர் வாய்ச்சிருப்பான். உங்களைவிட வயசு கம்மி. வேலைக்கு வந்ததும் உங்களுக்கு அப்புறம்தான். ஆனா வர்றவன் போறவன் எல்லாம் அவனைத்தான் கேப்பான். "பொறாமை கூடாதுப்பா"ன்னு புத்தி சொல்றவங்களுக்கு அப்படி ஒருத்தன் இன்னும் வந்து சேரலைன்னு அர்த்தம். வயிறு எரிஞ்சவங்க மட்டும் மேலே படிங்க.

பெரட்டு

நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, பிறந்தவன். தோட்டத்துல விடிஞ்சா பெரட்டுதான். ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு, கிராணின்னு சொல்ற கணக்குப்பிள்ளை பேரைக் கூப்பிட்டு எண்ணி, அப்புறம்தான் வேலைக்கு அனுப்புவார். எனக்கு அங்க மருந்தடிக்கிற வேலை. முதுகுல தகரத்தைச் சுமந்து சுமந்து அலுத்துப்போய் காதர் பாய்கிட்ட வந்து சேர்ந்தேன். பாய்க்கு ஏரிக்கரையில ஒரு சாப்பாட்டுக்கடை, ஆறு சம்பான், மேட்டுல ஏறினா பெருமூச்சு விடுற ஒரு பழைய வேன். "முத்து, நீந்தத் தெரியுமா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தெரியும்லா பாய்"னேன். எனக்கு எங்க தெரியும்? மலையில பிறந்தவன் எவனுக்குத் தெரியும்? எங்க ஓடையில காலை வச்சா குளிரு எலும்புக்குள்ள ஏறும். நாங்க மூஞ்சி கழுவுறதே வெந்நீர்ல.

முதல் நாள் வந்தவங்க ஈப்போ வாத்தியாருங்க. பாதிப் பேர் பென்ஷன் வாங்கினவங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி பெரட்டுதான். எல்லாரையும் கரையில வரிசையா நிக்க வச்சேன். "பேர் கூப்பிட்டா கையைத் தூக்கணும், பேசக் கூடாது"ன்னு கிராணி குரல்லயே சொன்னேன். சத்தம் போடாம நின்னாங்க. கடைசியில நின்ன ஒரு பெரியவர், பெரிய பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியரா இருந்தவராம், கையைத் தூக்கிக்கிட்டே சொன்னார்: "தம்பி, முப்பது வருஷம் பிள்ளைங்களை இப்படி நிக்க வச்சேன். அந்தப் பாவம் இன்னைக்குத்தான் வந்து பிடிச்சுது."

சுவெட்டருக்குள்ள

எனக்கு நீச்சல் தெரியாதுன்னு பாய்க்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்னைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிடுவார். ஆனா தினமும் சம்பான்ல போகணும். கவிழ்ந்தா அதோட கதை முடிஞ்சுது. யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். மோட்டார் சைக்கிள் டியூப்பு ஒண்ணை அரைக் காத்து அடிச்சு நெஞ்சுக்குக் கீழே மாட்டிக்கிட்டேன். அதுக்கு மேலே என் அண்ணனோட பெரிய சுவெட்டர். மலையில எல்லாரும் சுவெட்டர் போடுறவங்கதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? வால்வு மட்டும் விலாவுல குத்திக்கிட்டே இருக்கும். உயிர் முக்கியமா, விலா முக்கியமா?

தண்ணியில இறங்கச் சொன்னா அதுக்கும் சாக்கு வச்சிருந்தேன். ஒரு மாசம் காதுவலி, ஒரு மாசம் சளி, தைப்பூசம் வந்தா விரதம். வருஷா வருஷம் பினாங்குல இருந்து ஒரு தாதியம்மா வருவாங்க. ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க கண்ணு சும்மா இருக்குமா? நடு ஏரியில என்னை மேலும் கீழும் பார்த்துட்டுக் கேட்டாங்க: "ஏன் முத்து, கரையில நிக்கிறப்ப ஒல்லிக்குச்சியா இருக்கீங்க, சம்பான்ல ஏறினா மட்டும் எப்படிக் குண்டாயிடுறீங்க?"

மீன் இனம்

ரெண்டு வருஷம் ஓடுச்சு. அப்பத்தான் தோள்ல ஒரு துண்டோட சேகர் வந்து இறங்கினான். தெலுக் அன்சன்காரன், ஆத்தங்கரையில வளர்ந்தவன். பாய் அவனையும் அதே கேள்விதான் கேட்டார். அவன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு அப்படியே ஏரியில பாய்ஞ்சு, அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்து, "குளிரே இல்லைலா பாய்!"னான். பொய். பல்லு கடகடன்னு ஆடுனதை நான் பார்த்தேன். பாய் பார்க்கலை.

அவன்கிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. ஏரி வளையுற மூலைக்குச் சம்பான்கள் போனதும் பேசிக்கிட்டே தண்ணியில குதிப்பான். உள்ளே போனவன் வரமாட்டான். பொம்பளைங்க கத்துவாங்க, பிள்ளைங்க அழும். எல்லாரும் ஒரு பக்கம் தேடுறப்ப இன்னொரு பக்கம் தலையைத் தூக்கி, "கூப்பிட்டீங்களா?"ன்னு கேப்பான். அவ்வளவுதான், ஏரியே அதிர்ற மாதிரி கைதட்டுவாங்க. நான் மட்டும் தட்ட மாட்டேன். எனக்கு எண்ணுற வேலை இருந்துச்சு. அவன் முழுகினதும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மனசுக்குள்ள ஆரம்பிப்பேன். முதல் நாள் முப்பத்தொண்ணு. அப்புறம் முப்பத்தஞ்சு. கூடிப்போனா நாப்பது. அதுக்கு மேலே ஒரு தடவைகூடப் போனதில்லை. என்னைக்காவது பதினஞ்சுலயே மூச்சு வாங்கி மேலே வரமாட்டானா, நாலு பேர் சிரிக்கமாட்டாங்களான்னு ஒரு ஆசை. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அல்ப ஆசைதான்.

ஒரு நாள் என் சம்பான்ல இருந்த ஒரு தடிச்ச கிள்ளான் ஆள், சேகருக்குக் கைதட்டிட்டு, அந்தக் கையோட என் முதுகுலயும் ஒண்ணு வச்சார். டியூப்பு 'புஸ்'ஸுன்னுச்சு. நல்லவேளை, அவர் கவனிக்கலை. "அந்தத் தம்பி மீன் இனம்"னார். "நீ என்னப்பா, கம்பளியைக் கழட்டாத ஆட்டு இனமா?"

பலகை வீடு

பாய்க்கு முட்டிவலி வந்துச்சு. கடையை மட்டும் பார்த்துக்கிட்டு, ஏரி வேலை முழுசையும் ஒரு மண்டோர்கிட்ட விடப் போறதா சொன்னார். மண்டோருன்னா மேஸ்திரி. அதுக்கு நானா, சேகரான்னு முடிவாகலை. மண்டோராகுறவனுக்குக் கரை மேட்டுல இருக்கிற பலகை வீடும் உண்டு. ரெண்டு ரூம், ஒரு குசினி, ஜன்னலைத் திறந்தா ஏரி முழுசும் தெரியும்.

சேகருக்கு அது வெறும் வீடு. எனக்கு அது சரோஜா. சரோஜா எங்க தோட்டத்துக் கங்காணி மகள், பேக்டரியில தேயிலைத் தூள் சலிக்கிற வேலை. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, கங்காணிக்கும் தெரியும். ஆனா மனுஷன் கறாரா சொல்லிட்டார்: "உங்க அண்ணன் லயத்து வீட்டுல இப்பவே ஏழு பேர். எட்டாவதா என் பொண்ணு எங்க படுக்கும்? தனி வீட்டைக் காட்டு, தட்டு மாத்திக்கலாம்." அந்த வருஷம் முடியுறதுக்குள்ள காட்டலைன்னா தாப்பாவுல ஒரு லோரி டிரைவர் மாப்பிள்ளை தயாரா இருந்தார்.

ஒரு ஞாயித்துக்கிழமை சரோஜா கூட்டாளிங்களோட ஏரிக்கு வந்தா. நானே துடுப்பு போட்டுச் சுத்திக் காட்டினேன். தேயிலை மலையைக் காட்டினேன், அக்கரைப் பூந்தோட்டத்தைக் காட்டினேன். மூலைக்கு வந்ததும் சேகர் தொபுக்குன்னு குதிச்சான். நான் முப்பத்தெட்டு எண்ணுறப்ப மேலே வந்து, "கூப்பிட்டீங்களா?"ன்னான். முதல்ல தட்டுனது யார் கைன்னு நினைக்கிறீங்க? எனக்கு அடிவயித்துல மிளகாயை அரைச்சுத் தடவின மாதிரி இருந்துச்சு. அவ என் பக்கம் திரும்பி, கண்ணை விரிச்சுக்கிட்டுச் சொன்னா: "எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு பார்த்தீங்களா? எனக்கே மூச்சு முட்டிருச்சு!"

புகையிலைத் தண்ணி

காட்டுப் பாதையில அட்டைத் தொல்லை அதிகம். அதுக்கு நாங்க புகையிலையை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியில காலுறையை நனைச்சுப் போடச் சொல்வோம். அட்டை கிட்ட வராது. நான் கூட்டிப்போற கூட்டத்துக்கும், சேகர் கூட்டிப்போற கூட்டத்துக்கும் தகரத்துல ஊறப்போட்டு வைக்கிறது என் பொறுப்பு. சரோஜா கைதட்டிட்டுப் போன மறுவாரம், என் கூட்டத்துக்குப் புகையிலைத் தண்ணி வச்சேன். சேகர் தகரத்துல தேயிலைத் தூளைக் கொதிக்க வச்ச வெறும் சாயத்தை ஊத்தினேன். பார்க்க ரெண்டும் ஒரே நிறம். சிரிக்காதீங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்களோ.

சாயங்காலம் என் கூட்டம் ஒரு கீறல் இல்லாம இறங்கி வந்துச்சு, ரொட்டியைத் தின்னுட்டுக் கொட்டாவி விட்டுச்சு. சேகர் கூட்டம் முழங்கால் வரைக்கும் ரத்தத்தோட இறங்குச்சு. போச்சுடா சேகர் வேலைன்னு நான் ஓடிப்போய்ப் பார்த்தா, அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. வழியெல்லாம் ஒவ்வொரு அட்டையையும் சுண்ணாம்பு வச்சு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு உத்தியோகம் குடுத்திருக்கான். மெலிஞ்சது கங்காணி, நடுத்தரம் கிராணி, குடிச்சுக் குடிச்சு உப்பிப்போனது துரை. ஒரு பொம்பளை பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கித் தன் கடிவாயை என் ஆளுங்ககிட்ட பெருமையா காட்டினாங்க: "என்னை ரெண்டு துரையும் ஒரு கிராணியும் கடிச்சுதுங்க. உங்களை ஒண்ணுகூடவா கடிக்கலை? அடப் பாவமே!"

வேலி

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதிடுறேன்.

அந்த ஏரி சாமி குடுத்த ஏரி இல்லை. அணை கட்டித் தேக்கின தண்ணி. அணை வர்றதுக்கு முன்னால, சேகர் குதிக்கிற அந்த மூலையிலதான் எங்கப்பா ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கோஸு போட்டிருந்தார். காட்டுப் பன்னி வராம இருக்க நாலு பக்கமும் முள்ளுக்கம்பி இழுத்துக் கட்டினார். குறடு எடுத்துக் குடுத்ததே நான்தான். அப்புறம் தண்ணி ஏறி எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. ஏரி நிறைஞ்சிருந்தா அந்த வேலி ரொம்ப ஆழத்துல கிடக்கும். தண்ணி நல்லா வத்துனா மட்டும் கட்டை நுனி ரெண்டு வெளியில தெரியும். ஒரு வறட்சியில சரோஜாவைக் கரையில நிக்க வச்சு, "பாரு, எங்கப்பா சொத்து"ன்னு காட்டியிருக்கேன். சேகர் வந்த பிறகு அந்த அளவுக்குத் தண்ணி இறங்கினதே இல்லை.

பலகை வீட்டுக்கு ஆள் யாருன்னு முடிவாகுற வாரம் பார்த்து அணையில சைரன் ஊதுச்சு. சைரன் ஊதினா தண்ணியைத் திறக்கப் போறாங்கன்னு அர்த்தம். ரெண்டு நாள் திறந்து விட்டாங்க. கரையில தண்ணி மட்டம் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே போயிடுச்சு. கட்டை நுனி இன்னும் வெளியில வரலை. ஆனா கம்பி மேல்தண்ணிக்குப் பக்கத்துல வந்திருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். சேகர்கிட்ட சொல்லிடலாம்னுதான் கடைக்குப் போனேன். சத்தியமா சொல்லத்தான் போனேன். அவன் பாயோட உக்காந்து பசியாறிக்கிட்டு இருந்தான். பாய் அவன் தோள்ல கையைப் போட்டிருந்தார். நான் வாசல்லயே நின்னேன். பாய் சொன்னது காதுல விழுந்துச்சு: "சேகரு, அந்தப் பலகை வீட்டுக் கூரை ஒழுகுதுலா. நாளைக்கு நீ போய்ப் பாரு, எத்தனை தகரம் மாத்தணும்னு சொல்லு."

நான் ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டேன்.

அறுபத்திரெண்டு

மறுநாள் ஈப்போவுல இருந்து ரெண்டு பஸ்ஸு. கரையில கூட்டம், சம்பான் அஞ்சும் நிறைஞ்சிருந்துச்சு. துணைக்கு வர்ற ஆறாவது சம்பான்ல நான் தனியா. மூலைக்கு வந்ததும் சேகர் எழுந்து நின்னான். இப்பவாவது சொல்லுடான்னு மனசு அடிச்சுக்குச்சு. வாயைத் திறந்தேன். அதுக்குள்ள குதிச்சுட்டான். பழக்கதோஷம், எண்ண ஆரம்பிச்சேன். இருபது. முப்பது. பொம்பளைங்க கத்துறாங்க, அவங்க புருஷன்மாருங்க "நடிப்பு, நடிப்பு"ன்னு சிரிக்கிறாங்க. நாப்பது. நாப்பத்தொண்ணுன்னு என் வாய் சொன்னப்ப, ரெண்டு வருஷமா என் வயித்துல எரிஞ்ச நெருப்பு ஒரே நொடியில அணைஞ்சு போச்சு. அந்த இடத்துல பயம் வந்து உக்காந்துச்சு. அவ்வளவு பேர்ல அது நடிப்பில்லைன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

"அவன் நடிக்கலைய்யா!"ன்னு கத்தினேன். இன்னும் பலமா சிரிச்சாங்க, நானும் கூட்டு நடிகன்னு நினைச்சுட்டாங்க. எப்படித் துடுப்பு போட்டேன்னு தெரியலை. தண்ணி கலங்குற இடத்துல துடுப்பை ஆழமா விட்டேன். கீழே இருந்து ஒரு கை அதைப் பிடிச்சுது. இழுத்தேன், சம்பான் கவிழ்ந்துச்சு, நானும் தண்ணிக்குள்ள. ஐயோ அம்மா, அந்தக் குளிரு! ஆனா டியூப்பு என்னை முழுக விடலை. ரெண்டு கையாலயும் துடுப்பைப் பிடிச்சு, "முருகா! முருகா!"ன்னு அலறிக்கிட்டே இழுத்தேன். எங்கப்பா கட்டின கம்பி லேசுல விடுமா? கடைசியில 'சர்ர்'ருன்னு அவன் கால்சட்டை கிழிஞ்சு ஆள் மேலே வந்தான். கூட்டம் கைதட்டுச்சு. கால்ல வழிஞ்ச ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கை நின்னுச்சு.

மத்த சம்பான்காரங்க எங்க ரெண்டு பேரையும் இழுத்துக் கரையில போட்டதும், சேகர் ஒரு குடம் தண்ணியை வாந்தி எடுத்தான். என் சுவெட்டர் கழுத்து வரைக்கும் ஏறி, டியூப்பு வட்டமா பல்லை இளிச்சுக்கிட்டு எல்லாருக்கும் தெரிஞ்சுது. பாய் பார்த்துக்கிட்டே நிக்கிறார். சேகர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான். "எத்தனைண்ணே?"ன்னான். "என்னடா எத்தனை?" "நீங்க எண்ணுவீங்களே. உங்க வாய் அசையுறதைத் தினமும் பார்க்கிறேனே." "அறுபத்திரெண்டு"ன்னேன். அந்த நிலைமையிலயும் பயலுக்கு முகம் மலர்ந்துச்சு: "அறுபத்திரெண்டா! ரிக்கார்டுலா அண்ணே!"

சுவெட்டருக்கு மேலே

சாயங்காலம் பாய் கூப்பிட்டார். நானே டியூப்பைக் கழட்டி மேசையில வச்சேன். மூட்டையைக் கட்டிக்கிட்டுத்தான் போயிருந்தேன். "எத்தனை வருஷமாடா?"ன்னார். "நாலு வருஷம் பாய்." பாய் டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பாரா, அடிப்பாரான்னு தெரியலை. அப்புறம் சொன்னார்: "நீந்தத் தெரிஞ்சவன் தண்ணியைப் பார்ப்பான். எனக்கு ஆளைப் பார்க்கிறவன் வேணும். நீதான் மண்டோர், கூரையை நீயே மாத்திக்க. இனிமே இந்தச் சனியனைச் சுவெட்டருக்கு மேலே போடு, வர்றவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு மாட்டு."

கைதட்டு

தை மாசம் ரிங்லெட் கோயில்ல கல்யாணம். கங்காணி புது வேட்டியில வளைய வந்தார். தாலி கட்டி முடிஞ்சு பந்திக்கு உக்காந்தாங்க. சேகர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, இலைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, தான் முழுகின கதையைச் சொல்ல ஆரம்பிச்சான். என்னமா சொன்னான்! மூச்சு முட்டுறதை நடிச்சுக் காட்டினான், துடுப்பு வந்ததை ஆண்டவன் கையை நீட்டின மாதிரி காட்டினான், நான் "முருகா"ன்னு அலறினதை என் குரல்லயே அலறினான். "கீழே ஏதோ கம்பிங்க, எந்தப் புண்ணியவான் போட்டானோ! அண்ணன் மட்டும் இல்லைன்னா எனக்கு இன்னைக்குக் கருமாதிச் சோறு"ன்னு முடிச்சான். பந்தியே எழுந்து நின்னு தட்டுச்சு. கல்யாணம் எனக்கு, காப்பாத்தினவன் நான், கைதட்டு மட்டும் அவனுக்கு. பழைய நெருப்பு லேசா மறுபடியும் பத்துச்சு.

பக்கத்துல சரோஜா தட்டலை. மாலையோட குனிஞ்ச தலை நிமிராம, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி கேட்டா: "அது மாமா கட்டின வேலிதானே? அங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே, அவருகிட்ட முன்னாடியே சொல்லலையா?"

நாலு வருஷம் ஏரியில என்னை முழுகவிடாம தாங்கின டியூப்பு, அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் உதவலைங்க.